காலி அறைக்கு இரண்டு போர்ட்

இனிமேல் இந்த வீட்டுத் தகராறை எல்லாம் இயந்திரம்தான் தீர்க்க வேண்டும் என்று வோல்ட்டு சார் முடிவெடுத்தபோது அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. பெரிய முடிவுகளை அவர் எப்போதும் பிரஷ்ஷும் வாயுமாகத்தான் எடுப்பார். மனைவி அவரிடம் பதில் எதிர்பார்க்காத நேரம் அது ஒன்றுதான்.

வோல்ட்டு சார் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்தது. லிஃப்ட் ஏன் நின்றுபோனது என்று கேட்டாலும் சரி, மைத்துனன் ஏன் வேலையை விட்டான் என்று கேட்டாலும் சரி, அவருடைய பேச்சு சுற்றி வளைத்து வோல்ட்டில் வந்து நிற்கும். பார்க்கிற வேலை அப்படி.

போனையோ லேப்டாப்பையோ வயரில் சொருகுகிறோம். சார்ஜ் ஏறுகிறது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சொருகிய கணத்தில் உள்ளே ஒரு விசாரணை நடக்கிறது. கண்ட்ரோலர் சிப் என்று ஒன்று, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது, வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்கும். நீ யார்? கரண்டு கொடுக்கிற ஆளா, வாங்குகிற ஆளா? எவ்வளவு வேண்டும்? உன்னைக் கூட்டி வந்திருக்கிற வயர் அவ்வளவு தாங்குமா? ஐந்து வோல்ட் இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, இருபது இருக்கிறது, உனக்கு எது ஒத்துக்கொள்ளும்? பதில் திருப்தியாக இருந்தால்தான் கரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்று, கையிருப்பு போதாது என்றால், ஒருவரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லும். சூடு ஏறினால் எல்லாரையும் நிறுத்திவிடும். அந்தச் சிப் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்காகக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் வோல்ட்டு சாரின் உத்தியோகம். நாள் முழுவதும் அதைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் அந்த இலாகா வேறொருவர் கையில் இருந்தது.

தகராறு ஓர் அறையைப் பற்றியது. வீட்டில் மூன்றாவதாக ஒரு சின்ன அறை. அட்டைப்பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் யாருடையது என்று தெரியாத ஒரு தொட்டிலும் அதில் குடியிருந்தன. போன மாதம் மனைவி, "எவ்வளவு நாளைக்குத்தான் இப்படிப் போட்டு வைக்கிறது, நீங்க மனசு வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று சொன்னாள். வோல்ட்டு சார் மனசு வைத்தார். தும்மித் தும்மி மூக்கு சிவக்க, ஒரே நாளில் ஒழித்துக் கொடுத்தார். அறை காலியானதும்தான் அது எவ்வளவு நல்ல அறை என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டது. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது சோதனை மேஜை போட வேண்டும். இப்போது அவர் வயர்களையும் மீட்டர்களையும் சாப்பாட்டு மேஜையில்தான் பரப்பிக்கொள்கிறார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் சாம்பார்க் கரண்டியை மீட்டரோடு சேர்த்து அலுவலகத்துக்கே எடுத்துப் போய்விட்டார்.

மனைவிக்கு அது வைத்தியம் பார்க்க வேண்டும். அவள் பிசியோதெரபிஸ்ட். குடியிருப்பில் யாருக்குக் கழுத்து திரும்பவில்லை என்றாலும், இடுப்பு பிடித்துக்கொண்டாலும், அவளிடம்தான் வருவார்கள். டாக்டரம்மா என்பார்கள். ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டுத் தரையில் பாயைப் போட்டு, குப்புறப் படுக்க வைத்து அழுத்தி விடுவாள். முட்டி வலி என்று வந்தவர்கள் தரையிலிருந்து எழுந்திருப்பதற்குள் படும் பாட்டைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். அந்த நேரத்தில் வோல்ட்டு சார் சமையலறையில் ஒளிந்துகொள்ள வேண்டும். ஹாலில் ஒரு மனிதர் "அய்யோ, அம்மா" என்று அலறிக்கொண்டிருக்க, நடுவில் புகுந்து செய்தித்தாளைத் தேட முடியாது.

அவள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் அவருக்கு இயந்திரம் தேவைப்பட்டது.

"ஒரு யோசனை வந்திருக்கு" என்றார்.

"வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து சொல்லுங்க."

கொப்புளித்துவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். இரண்டு பக்கமும் வயர் சொருக ஒவ்வொரு போர்ட். நடுவில் சின்னத் திரை.

"இது எங்க ஆபீஸ்ல சோதனைக்கு வச்சிருக்கற பெட்டி. உள்ள இருக்கறது நம்ம சிப். இடது போர்ட் என்னோடது. வலது போர்ட் உன்னோடது. திங்கள்லேர்ந்து சனிக்கிழமை காலை வரைக்கும் நம்ம ரெண்டு பேர் சாமானுக்கும் இதுலதான் சார்ஜ். எந்தப் போர்ட் வழியா எவ்வளவு கரண்டு போச்சுன்னு அதுவே கணக்கு வச்சுக்கும். யார் போர்ட்ல அதிகம் போகுதோ அவங்களுக்கு அறை."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அந்த அறைலதான் நல்ல பிளக் பாயின்ட் இருக்கு. யாருக்குக் கரண்டு தேவை ஜாஸ்தியோ, அவங்களுக்குத்தானே அறை? சண்டை வேண்டாம், சச்சரவு வேண்டாம். சிப்புக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது."

மனைவி பெட்டியைப் பார்த்தாள். அவளிடம் இருப்பது ஒரு போன், கையில் பிடித்து அழுத்தும் ஒரு மசாஜ் கருவி, தோளில் ஒட்டினால் விறுவிறுவென்று இழுக்கும் ஒரு சின்ன மெஷின். மூன்றும் சேர்ந்து குடிப்பதை அவருடைய லேப்டாப் ஒரே மடக்கில் குடித்துவிடும். இருபது வோல்ட் கேட்டு வாங்கும் லேப்டாப் அது. இதை அவள் கேட்பாள், வாதாடுவாள் என்று எண்ணி அவர் ஐந்தாறு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார்.

"சரிங்க" என்றாள்.

அவருக்குப் பாவமாக இருந்தது. தயார் செய்த பதில்கள் வீணாய்ப் போனதில் சிறிது ஏமாற்றமும் இருந்தது. பெருந்தன்மை அவரை எப்போதும் இந்த மாதிரி சமயத்தில்தான் பிடித்துக்கொள்ளும். பையைத் துழாவி இன்னொரு சாமானை எடுத்தார். செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க்.

"உன்னோடது எல்லாம் பொடிசு. போட்டின்னா கொஞ்சமாவது சமமா இருக்க வேண்டாமா? இதையும் நீயே வச்சுக்கோ. உன் போர்ட்ல போட்டு நிரப்பிக்கோ, உன் கணக்குல கொஞ்சம் ஏறும்."

"நிரம்பினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் எதுக்காவது கொடுத்துக் காலி பண்ணினாத்தான் மறுபடி வாங்கும். உன் போனுக்குக் கொடு. என்ன பெரிசாக் காலியாகப் போகுது?"

"இது வாங்கவும் செய்யுமா, கொடுக்கவும் செய்யுமா?"

"அதான் இதோட விசேஷம். இது உள்ளயும் ஒரு சிப் இருக்கு. பெட்டில சொருகினா, ரெண்டு சிப்பும் பேசிப்பாங்க. நீ கொடு, நான் வாங்கிக்கறேன்னு இது சொல்லும். போன்ல சொருகினா, நான் கொடுக்கறேன், நீ வாங்கிக்கோன்னு சொல்லும். ஆளைப் பார்த்து நடந்துக்கும்."

"கெட்டிக்காரத்தனம்தான்" என்று மனைவி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "இந்தப் பெட்டி சிப்பு, வந்திருக்கிற சாமான் உங்களோடதா என்னோடதான்னு பார்க்குமா?"

வோல்ட்டு சார் சிரித்தார். தொழிலைப் பற்றி யாராவது விவரம் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "அதுக்குச் சாமான் யாரோடதுங்கற விவரமெல்லாம் தேவை இல்லை. எந்தப் போர்ட், எவ்வளவு. ரெண்டே ரெண்டு விஷயம்தான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காது."

"நல்ல சுபாவம்" என்றாள் மனைவி.

நடுநிலைக்கு எதிர்வீட்டுக்காரரை அழைத்தார்கள். அவர் வாலிபால் ஆட்டங்களுக்கு விசில் ஊதும் நடுவர். சட்டைப் பையில் எப்போதும் விசில் தொங்கும். வலது தோள் பூட்டிக்கொண்டு பல மாதங்களாக அந்தக் கை மேலே ஏறுவதில்லை. எல்லா முடிவையும் இடது கையாலேயே காட்டியதில், போன ஆட்டத்தில் இரண்டு அணிகளும் தாங்கள்தான் ஜெயித்ததாக மாலை போட்டுக்கொண்டு போய்விட்டன. டாக்டரம்மாதான் அவருக்கு வைத்தியம் பார்க்கிறாள்.

"நடுவர் உன் பேஷன்ட்டாச்சே?" என்றார் வோல்ட்டு சார்.

"வேற யாரைக் கூப்பிட்டாலும் என் பேஷன்ட்தாங்க" என்றாள் மனைவி.

"சார், நான் ஊதினா ஊதினதுதான்" என்றார் நடுவர். "பெத்த தம்பி விளையாடின ஆட்டத்துல அவனையே வெளியே அனுப்பினவன் நான்." பெத்த தம்பி என்றால் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை.

மனைவிக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது. "தினமும் அந்தத் திரையைப் பார்த்துட்டு இருந்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்குங்க. கடைசி நாள் பார்த்துக்கலாமே."

தோற்கப் போகிறவளின் சின்ன ஆசை. வோல்ட்டு சார் உடனே ஒப்புக்கொண்டார். நடுவர் திரையின் மேல் பிளாஸ்திரியை ஒட்டி, அதன் மேல் இடது கையால் கையெழுத்துப் போட்டார். படிக்க முடியவில்லை. போலியாகப் போடவும் யாராலும் முடியாது என்பதால் எல்லாருக்கும் திருப்தி. சாப்பாட்டு மேஜையை அடைக்க வேண்டாம் என்று பெட்டியை உள்ளே மனைவியின் அலமாரிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் மாட்டினார்கள்.

ஒட்டுவதற்கு முன்பே வோல்ட்டு சார் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார். சிப்புக்குள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால், இடது போர்ட்டுக்கு முதலில் கொடு. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே மனைவி கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட நடக்காத காரியம் இது. அவர் பின்னால் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"போய் முகம் கழுவிட்டு வாங்க. காபி போடறேன்."

குடித்தார். கொஞ்ச நேரம் டிவி பார்த்தார். லேப்டாப்பை எடுத்து இடது போர்ட்டில் போட வேண்டும் என்று எழுந்தார்.

"அதையும் உங்க போனையும் நான் அப்பவே சார்ஜ் போட்டுட்டேங்க. ஃபுல்லாவே ஆகியிருக்கும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். இவள் என்ன செய்கிறாள்? தன் கையாலேயே எதிராளியின் லேப்டாப்புக்கு சார்ஜ் போட்டு, எதிராளியின் கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். போட்டியின் விதி இவளுக்குப் புரியவே இல்லை. ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில், "அடடா, அப்படிச் செய்தால் உனக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லியிருப்பான். வோல்ட்டு சாருக்கும் அது வாய் வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பை, காபி, "போட்டுட்டேங்க." புதன்கிழமை அவர் வேண்டுமென்றே அலுவலகத்தில் லேப்டாப்பை வடியவிட்டு, பேட்டரி வற்றிப்போன நிலையில் கொண்டுவந்தார். இவளே போடட்டும், கணக்கு எகிறட்டும் என்ற நல்லெண்ணம்தான். மறுநாள் காலை லேப்டாப் வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தது.

அவர் நடையே மாறிவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "வீட்டுல ஒரு போட்டி வச்சுப் பாருங்க சார். பெண்டாட்டிக்கு நம்ம மேல இருக்கற அக்கறை அப்பத்தான் வெளியில வரும்" என்றார். மாலை திரும்பும் வழியில் மரக்கடைக்குப் போய், சோதனை மேஜைக்கு எந்தப் பலகை நல்லது என்று தட்டித் தட்டிப் பார்த்தார். இதெல்லாம் நடக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்தத்தான் செய்தது. வியாழக்கிழமை ஹாலில் ஒரு வயதான ஆசிரியை பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சோபாக் காலைப் பிடித்துக்கொண்டு திணறியதைச் சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தார். ஆனாலும் சிப் முடிவு செய்யும் விஷயத்தில் தான் தலையிடுவது முறை ஆகாது என்று இருந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை நடுவர் வந்தார். விசிலை ஊதினார். ஊத வேண்டிய அவசியம் இல்லை, பழக்க தோஷம். கையெழுத்தைச் சரிபார்த்து, பிளாஸ்திரியை உரித்தார்.

வலது: 540. இடது: 0.

"எந்தப் பக்கம் எது?" என்றார் வோல்ட்டு சார்.

"வலது பக்கம் வலது" என்றார் நடுவர்.

வோல்ட்டு சார் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், தட்டினார், குலுக்கினார். "சிப் ரிப்பேர். சைபர்னு காட்டுது பாருங்க. தினமும் என் லேப்டாப் ஃபுல்லாகியிருக்கு. இவளேதான் சார்ஜ் போட்டா. கேளுங்க!"

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி.

"பார்த்தீங்களா?"

"பவர் பேங்க்லேர்ந்து."

வோல்ட்டு சார் பெட்டியைக் குலுக்குவதை நிறுத்தினார்.

"நீங்கதானேங்க சொன்னீங்க," என்று மனைவி பொறுமையாகச் சொன்னாள், "எதுக்காவது கொடுத்துக் காலி பண்ணினாத்தான் மறுபடி வாங்கும்னு. நானும் என் போனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். காலியாகவே மாட்டேங்குது. வீட்டுல அவ்வளவு கரண்டு குடிக்கறது உங்க லேப்டாப் ஒண்ணுதான். அதுக்குக் கொடுத்தேன். காலியாச்சு. வலது போர்ட்ல போட்டேன். நிரம்பிச்சு. மறுநாளும் அதே மாதிரி. புதன்கிழமை பாருங்க, நீங்க சுத்தமா வடியவிட்டுக் கொண்டுவந்தீங்களே, அன்னைக்குத்தான் ரொம்ப உதவியா இருந்துச்சு."

"அது என் லேப்டாப்புக்குப் போன கரண்டு!"

"வந்தது என் போர்ட் வழியா."

"அதெப்படி? சாமான் யாரோடதுன்னு பார்க்க வேண்டாமா?"

"அதெல்லாம் அதுக்குத் தேவை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

வோல்ட்டு சார் நடுவரைப் பார்த்தார். நடுவர் இடது கையை வலது பக்கமாக நீட்டி விசில் ஊதினார். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இடது போர்ட்டுக்கு முதலில் கொடு என்ற அந்த வரி வாரம் முழுக்கச் சிப்புக்குள் விழித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கேட்க ஒருவரும் வரவில்லை.

"இந்தப் போட்டி செல்லாது" என்றார் வோல்ட்டு சார். "இன்னொரு வாரம் நடத்தணும். என் லேப்டாப்புக்கு நானேதான் சார்ஜ் போடுவேன். யாரும் தொடக் கூடாது."

"சரிங்க" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்தார். இழந்தது எல்லாம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பார்த்துவிடலாம். பையை யாரிடமும் கொடுக்கக் கூடாது. காபியை நின்றுகொண்டே குடிக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து இன்னும் பெரிய லேப்டாப்பாக ஒன்று வாங்கி வர வேண்டும்.

வாசல் மணி அடித்தது. வோல்ட்டு சார்தான் திறந்தார். கதவுக்கு வெளியே ஒரு தச்சர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடி, ஆளுயரத்துக்கு ஒரு மேஜை. மேலே மெத்தை தைத்திருந்தது. ஒரு முனையில் முகத்தை வைத்துப் படுக்க வட்டமாக ஓட்டை. முட்டி வலிக்காரர்கள் ஏற வசதியாகப் பக்கத்தில் ஒரு படி.

"டாக்டரம்மா இருக்காங்களா சார்? அந்தச் சின்ன அறைக்குச் செய்யச் சொன்ன மேஜை."

வோல்ட்டு சார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஒளி அவர் முகத்தில் இருந்தது.

"அதானே பார்த்தேன்! போட்டி முடியறதுக்கு முன்னாடியே மேஜைக்குச் சொல்லிட்டியா?"

"என்ன போட்டி சார்?" என்றார் தச்சர். "போன மாசம் இந்த அறையை ஒழிச்சீங்களே, அன்னைக்கு சாயங்காலமே வந்து அளவெடுத்துட்டுப் போனேன். நீங்ககூட அப்ப உள்ள தும்மிக்கிட்டே குளிச்சிட்டிருந்தீங்க."

மனைவி நடுவருக்குக் காபி போட உள்ளே போய்விட்டாள். வோல்ட்டு சார் மேஜையைப் பார்த்தார். நல்ல கனமான மரம். அவர் கடையில் தட்டிப் பார்த்ததைவிட நல்ல மரம். "இவ்வளவு பெரிய மேஜையைத் தனியாளா எப்படி உள்ள தூக்கிட்டுப் போவீங்க? கூட ஓர் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.

"கூட்டிட்டு வரேன்னுதான் சார் சொன்னேன். அம்மாதான் அளவெடுத்த அன்னைக்கே வேண்டாம்னுட்டாங்க" என்று தச்சர் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே சொன்னார். "அந்தப் பக்கம் பிடிக்க வீட்டுலேயே ஒருத்தர் இருக்காராமே."